கோர்வை விட்டு முந்தி கிழிந்த காஞ்சிப் பட்டைப் பழுது பார்த்தல்

வேலைக்கு எடுத்துக்கொண்ட சேலை ஒரு பழைய முகூர்த்தப் பட்டு. உடல் அரக்கு, கரையும் முந்தியும் மயில் கழுத்து நிறம். நீளம் 5.5 மீட்டர், அகலம் 47 அங்குலம், ரவிக்கைத் துண்டு கிடையாது. கரைக்கும் உடலுக்கும் நடுவே தாழம்பூ ரேக்கு எனும் கூர்மையான பற்கள் இருப்பதால் அசல் கோர்வை (உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து கோத்தது) என்று பார்த்தவுடனே தெரியும். பழுதுகள்: கீழ்க்கரையில் இரண்டு இடங்களில் கோர்வை விட்டிருக்கிறது. முந்தியில் மடிப்பு விழுந்த கோடுகளில் கிழிசல். உடலும் முந்தியும் இணைகிற பிட்னிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு நைந்திருக்கிறது. தோள்பட்டையில் ஊக்குத் துளைகள். கொசுவம் வரும் இடத்தில் மெட்டியும் கொலுசும் மாட்டி இழுத்த இழைகள். இவை போக ஜரிகை ஆங்காங்கே கிளம்பியும் கறுத்தும் இருக்கிறது.

இதைக் கட்டிக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுவதல்ல. இரண்டுக்கும் வேலை முறையே வேறு. சட்டத்துக்குள் போவது அசையாது. கட்டப்படும் சேலை மடியும், வியர்வையில் நனையும், உட்கார்ந்து எழும்போது இழுபடும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இது இன்னாரின் கல்யாணச் சேலை என்று குடும்பத்தில் எல்லாரும் அடையாளம் காண்பது கரையையும் முந்தியையும் பார்த்துத்தான். உடலில் சின்னச் சின்னச் சமரசம் செய்யலாம். கரையில் அளவும் மாறக்கூடாது, நிறமும் மாறக்கூடாது.

எங்கே கிழியும், ஏன் அங்கே

பட்டுச் சேலை கண்ட இடத்தில் கிழிவதில்லை. கனமும் மெலிவும் சந்திக்கிற கோட்டில்தான் கிழியும்.

கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (தறியில் ஊடையை, அதாவது குறுக்கு இழையை, கொண்டு ஓடுவது), இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று ஓடும். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும். அந்தக் கோப்பு மட்டும்தான் இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது. கரையின் ஜரிகை கனமானது, விறைப்பானது, உடல் இளகியது. நடக்கும்போது இரண்டும் வேறு வேறு விதமாக அசையும். தேய்வது நடுவில் இருக்கும் அந்தக் கோப்புதான்.

பிட்னியின் கதை இன்னும் சுவாரசியம். முந்திக்கு வேறு நிறப் பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) வேண்டுமென்பதால், உடலின் ஒவ்வொரு பாவிழையோடும் முந்தியின் பாவிழையைக் கையால் இணைக்கிறார்கள். இணைப்பு நடக்கிற பகுதி முழுக்க இரட்டைப் பாவு ஓடுவதால் அங்கே துணி தடித்த பட்டையாகத் தெரியும். சேலையைக் கட்டித் தோளில் போட்டால் பிட்னி வந்து உட்காருவது தோளுக்குச் சற்றுப் பின்னால். முந்தி ஜரிகையின் மொத்த எடையும் அந்த ஒரு கோட்டிலிருந்துதான் தொங்குகிறது. பிட்னி இரட்டைப் பாவு என்பதால் தாங்கிவிடும். அதை ஒட்டி உடல் பக்கமாக இருக்கும் ஒற்றைப் பாவு நைந்துபோகும். இந்தச் சேலையிலும் அப்படித்தான். ஊக்கைக் குத்துவதும் அதே இடத்தில்!

முந்தியின் மடிப்புக் கிழிசல்களில் இரண்டு வகை உண்டு. அகலவாக்கில் விழுந்த மடிப்பில் பாவிழைகள் முறியும். ஊடை ஜரிகை முழுதாக நிற்கும், நடுவில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். நீளவாக்கில் விழுந்த மடிப்பில் ஜரிகையே முறியும். உள்ளிருக்கும் பட்டிழை மேல் சுற்றிய தட்டை உலோகப் பட்டைதான் ஜரிகை. அதே கோட்டில் ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்தால் உலோகம் வெடித்து உள்ளிழையை அறுக்கும். முதல் வகையைச் சரி செய்வது எளிது. இரண்டாவதைப் பிடித்து நிறுத்தலாம், பழையபடி ஆக்க முடியாது.

தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள்

பெரிய மேசையில் வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, சேலையை ஒரு மீட்டர் ஒரு மீட்டராகப் பார்க்க வேண்டும். அடியில் விளக்கு வைத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத நைவும் தெரிந்துவிடும். பழுதான இடங்களைப் பேனாவாலோ சாக்கட்டியாலோ குறிக்கக்கூடாது. வெள்ளை நூலில் தளர்வான ஓட்டுத் தையல் போதும்.

இழைச் சோதனை: பிசிறிலிருந்து ஓர் இழையை எடுத்து விரலில் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் வேலை செய்யலாம். ஒடிந்து பொடியானால் அந்தப் பகுதி இனி தையலைத் தாங்காது. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ஊசி போன வழியே புதுக் கிழிசலாகும். இந்தச் சேலையில் உடலும் கரையும் தேறின. முந்தியில் ஒரு மூலை மட்டும் ஒடிந்தது.

சாயச் சோதனை: பஞ்சில் சொட்டு நீர் வைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். பின்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் செய்யுங்கள். பழைய அரக்கு பெரும்பாலும் விடும். விட்டால் நீர் சேர்ந்த எந்த வேலையும் கிடையாது.

ஜரிகைச் சோதனை: கிளம்பி நிற்கும் ஒரு துணுக்கை நகத்தால் சுரண்டினால் உள்ளே என்ன நிறம் என்று பார்க்கலாம். சிவப்புப் பட்டிழை தெரிந்தால் வெள்ளி ஜரிகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெள்ளை இழையோ பிளாஸ்டிக் பளபளப்போ தெரிந்தால் போலி. செம்பு நிறம் தெரிந்தால் செம்பின் மேல் பூச்சு. இது விலை மதிப்புக்காக அல்ல. போலி ஜரிகை சூட்டில் சுருங்கும், இஸ்திரி வைக்க முடியாது, அதற்காகத்தான் பார்க்கிறோம்.

சுத்தம்

துவைக்க வேண்டாம். ஈரத்தில் பட்டு வலுவிழக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், நனைந்து காய்ந்தால் பட்டு சுருங்கும், ஜரிகை சுருங்காது. கரை அலை அலையாக எழும்பிவிடும், எந்த இஸ்திரியும் அதைப் படிய வைக்காது. தூசுக்கு வேக்குவம் கிளீனரைக் குறைந்த இழுப்பில் வைத்து, வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, துணியைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே நகர்த்தினால் போதும். எண்ணெய்க் கறை இருந்தால் நல்ல டிரை கிளீனரிடம் கொடுக்கலாம், ஆனால் பழுது பார்த்த பிறகுதான். கிழிசலோடு இயந்திரத்துக்குள் போனால் ஒரு சாண் கிழிசல் ஒரு முழமாகித் திரும்பும்.

கறுத்த ஜரிகைக்குப் புளி, எலுமிச்சை, பற்பசை, வெள்ளிப் பாத்திரம் கழுவும் திரவம் என்று எல்லா யோசனையும் வரும். எதுவும் வேண்டாம். கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்ததால் வருவது. அதை எடுக்கும் எதுவும் மேலே இருக்கும் மெல்லிய தங்க முலாமையும் சேர்த்தே எடுத்துவிடும். ஜரிகை வெளுத்து வெள்ளியாகிவிடும். உலர்ந்த மல் துணியால் ஜரிகை ஓடும் திசையில் மெதுவாகத் துடைத்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய ஜரிகையின் மங்கல் ஒரு குறையே அல்ல. பளபளவென்று மின்னும் பழஞ்சேலைதான் சந்தேகப்பட வேண்டியது.

நூலும் ஊசியும்

சரியான நூல் சேலைக்குள்ளேயே இருக்கிறது. இடுப்பில் சொருகும் உள்முனையில் இரண்டு சென்டிமீட்டர் துணியைப் பிரித்தால் அரக்கு நிறத்தில் ஊடை இழை தேவையான அளவு கிடைக்கும். கரை நிறமும் அதே முனையின் ஓரத்தில் கிடைக்கும். அதே வயதில் அதே அளவு வெளுத்த இழை என்பதால் கடையில் எவ்வளவு தேடினாலும் இந்தப் பொருத்தம் வராது. போதாத இடத்துக்கு மட்டும் கடையில் பட்டு நூல் வாங்கலாம். அப்படி வாங்கப் போகும்போது ‘பச்சை’ என்று கேட்காமல் கிளிப்பச்சையா, மயில் கழுத்தா, இலைப்பச்சையா என்று பட்டுக்கடை மொழியில் கேட்டால் பாதி வேலை முடிந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒரு நீலம் புழங்குகிற ஊர் நம்முடையது. நூலைப் பகல் வெளிச்சத்தில், சேலையின் பின்பக்கத்தோடு வைத்துப் பொருத்த வேண்டும். முன்பக்கம் வெளுத்திருக்கும் என்றால் இரண்டுக்கும் நடுவான நிறம்.

பாலியெஸ்டர் நூல் வேண்டவே வேண்டாம். பட்டைவிட வலுவானது என்பதே அதன் குற்றம். இழுபடும்போது நூல் அறாது, நூல் பட்டுத் துணியை அறுக்கும். தைக்கிற நூல் எப்போதும் துணியைவிடச் சற்று மெலிந்திருக்க வேண்டும். எதாவது விட்டுப்போக வேண்டுமென்றால் தையல் விட்டுப்போகட்டும். ஊசி 12ஆம் எண். நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நீள நூல் ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசிப் போகும். முடிச்சுப் போடாமல் இரண்டு சென்டிமீட்டர் வால் விட்டு, பின்பக்கம் இரண்டு பின்தையலில் நிறுத்துவது வழி.

கோர்வை சேர்ப்பது

பின்பக்கத்திலிருந்துதான் தைக்க வேண்டும். விட்டுப்போன இடத்தில் உற்றுப் பார்த்தால் உடல் பக்கமும் கரை பக்கமும் குட்டிக் குட்டி வளையங்கள் தெரியும். ஊசியை உடலின் ஒரு வளையம், கரையின் ஒரு வளையம் என்று மாறி மாறிக் கோத்துப் போக வேண்டும். ரேக்குப் பல்லின் சரிவில் வரும்போது வளையங்கள் படிப்படியாக நகரும். தையலும் அந்தச் சரிவிலேயே ஏறி இறங்க வேண்டும். நேர்கோட்டில் போனால் பற்கள் மழுங்கிவிடும்.

இழுவைதான் முக்கியம். வளையங்கள் ஒன்றையொன்று தொட்டால் போதும், நெருக்கக்கூடாது. இறுக்கினால் அந்த இடத்தில் கரை சுருங்கி, கட்டும்போது கொசுவம் ஒரு பக்கமாகச் சாயும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒருமுறை சேலையைத் தட்டையாக விரித்துப் பாருங்கள். கரை மேடு தட்டினால் பிரித்துவிட்டு மறுபடி. தையல்காரர்கள் அவசரத்தில் இதை இயந்திரத்தில் ஒரு ஓட்டு ஓட்டித் தந்துவிடுவார்கள். பார்க்கச் சரியாக இருக்கும். ஊசித் துளை வரிசையாக விழுந்த இடத்தில் காகிதம் கிழிவதுபோல், அடுத்த தடவை துணியே கிழியும்.

முந்திக்கும் பிட்னிக்கும் அடித்துணி

இதுதான் பெரிய வேலை. கிழிந்த இழைகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்க்க முடியாது. அவற்றுக்கு அடியில் ஒரு துணி வைத்து அதன் மேல் படுக்க வைக்க வேண்டும். தேவை மெல்லிய வெற்றுப் பட்டு. 5 அல்லது 8 மொம்மி எடையில் ஹபூட்டாய் வகை கிடைத்தால் நல்லது. ஒரு மொம்மி என்பது சதுர மீட்டருக்கு 4.3 கிராம், 8 மொம்மியே 35 கிராம்தான். ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள காஞ்சிச் சேலை சதுர மீட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் வரும். அடித்துணி இப்படி மூன்றில் ஒரு பங்கு கனத்தில் இருந்தால் பிடிக்கும், விறைக்காது. ஆர்கன்சா எடை குறைவுதான், ஆனால் மொடமொடப்பு அதிகம். அதன் ஓரமே பட்டை அறுக்கும். அடித்துணியை முதலில் வெந்நீரில் நனைத்துக் காயவைத்துச் சுருக்கத்தை முடித்துவிட வேண்டும். நிறம் முந்தியின் நிறத்துக்கு அருகில் இருந்தால் கிழிசல் இடைவெளி கண்ணில் படாது.

இஸ்திரியில் ஒட்டும் ஃப்யூசிங் துணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழுதுக்கு வந்த பட்டுகளில் பாதி அதைப் பிய்க்கிற வேலையாகத்தான் இருக்கும். ஒட்டிய அன்று அருமையாக இருக்கும். பிறகு பசை மஞ்சளித்து விறைக்கும்; ஒட்டிய ஓரத்தை ஒட்டியே புதுக் கிழிசல் வரும், பிரிக்கப் போனால் பட்டும் கூடவே வரும்.

அடித்துணியைப் பழுதைத் தாண்டி நான்கு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் நல்ல துணிக்குள் போகும்படி வெட்ட வேண்டும். அடித்துணியின் பாவு சேலையின் பாவோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். கோணலாக வைத்தால் இரண்டும் வேறு வேறாக இழுக்கும். ஓரத்தை மடிக்கக்கூடாது, மடித்தால் மேடு வரும். பல் கத்தரியால் வெட்டி அப்படியே விடலாம். நடுவிலிருந்து வெளியே தளர்வான ஓட்டுத் தையல் போட்டு நிலைநிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு படுக்கைத் தையல். முறிந்த பாவிழைகள் நெடுக ஓடுகிற திசையில் ஒரு நீள நூலைக் கிழிசலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை படுக்க வைத்து, ஐந்தாறு மில்லிமீட்டருக்கு ஒருமுறை மிகச் சிறிய குறுக்குத் தையலால் அடித்துணியோடு பிடிக்க வேண்டும். அடுத்த நீள நூல் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் தள்ளி. அறுந்த இழைகள் இந்த நூல்களின் அடியில் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். நெருக்கமாகத் தைத்தால் வலு கூடும் என்று தோன்றும், கூடாது. ஒவ்வொரு ஊசித் துளையும் பழைய பட்டுக்கு ஒரு செலவு.

இனி சொல்வதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். நீள நூல்கள் எல்லாம் ஒரே கோட்டில் முடியக்கூடாது. ஒன்று நல்ல துணிக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் போய் முடிந்தால், அடுத்தது இரண்டரை, அதற்கடுத்தது இரண்டு என்று ஏறுக்கு மாறாக முடிய வேண்டும். ஒரே கோட்டில் முடித்தால், கனமும் மெலிவும் சந்திக்கும் ஒரு புதுக் கோட்டை நாமே போட்டுக் கொடுத்ததாகிவிடும். சேலை அங்கேதான் அடுத்துக் கிழியும்.

பிட்னிப் பக்கத்து நைவுக்கும் இதே முறை. அடித்துணி மட்டும் பிட்னிப் பட்டையைத் தாண்டி முந்திக்குள்ளும் போக வேண்டும்; அப்போதுதான் முந்தியின் எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். தடித்த பட்டையின் ஊடாக ஊசியை முரட்டுத்தனமாக ஏற்றாமல், இரட்டைப் பாவுக்கு நடுவே சாய்வாக நுழைத்தால் இணைப்பு இழைகள் சேதமாகாது. ஒடிந்து பொடியான அந்த முந்தி மூலையைத் தைக்கவே இல்லை. முன்னும் பின்னுமாக மெல்லிய பட்டு வலைத் துணி வைத்து, சுற்றியுள்ள நல்ல துணியில் மட்டும் தைத்து மூடியாகிவிட்டது. கூர்ந்து பார்த்தால் வலை தெரியும், தெரியட்டும்.

முந்தி முனையில் புதுக் குச்சு கட்ட வேண்டுமென்று கேட்பார்கள். வெறும் பட்டிழையில் முடிச்சு மட்டும் போடலாம். மணியும் குந்தனும் வைத்த குச்சு பழைய முந்திக்கு வேண்டாத எடை.

ஜரிகை, துளை, இழுப்பு

கிளம்பிய ஜரிகையை வெட்டினால் இரண்டு பக்கமும் பிரிந்துகொண்டே போகும். ஊசிக்காதில் நூல் வளையம் போட்டு, அதில் ஜரிகையை மாட்டிப் பின்பக்கம் இழுத்து, மஞ்சள் பட்டிழையில் இரண்டு தையல் வைத்தால் அடங்கிவிடும். உலோகப் பட்டை உள்ளிழையை விட்டுச் சுருண்டு நின்றால் விரலால் தட்டைப்படுத்தி, அதன் மேல் குறுக்காகப் பிடிக்கலாம்.

ஊக்குத் துளையில் இழை அறுந்திருக்காவிட்டால் தைக்கவே வேண்டாம். ஊசி முனையால் சுற்றியுள்ள இழைகளை மெல்ல நகர்த்தி, பின்பக்கம் மல் துணி வைத்து இளஞ்சூட்டில் ஒற்றினால் துளை மூடிக்கொள்ளும். மெட்டி இழுத்த இழையையும் அப்படித்தான், சுருக்கத்தின் இரண்டு பக்கமும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுத் தள்ள வேண்டும்.

பழைய ஃபால்ஸைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதிது வைத்தாக வேண்டும். சுருங்கிப்போன ஃபால்ஸ்தான் பல சேலைகளில் கீழ்க்கரை சுருள்வதற்குக் காரணம். புதுப் பருத்தி ஃபால்ஸை ஓரிரவு நீரில் ஊறவைத்துக் காய்ந்ததும் இஸ்திரி போட்டே தைக்க வேண்டும். ஊறும்போது சாயம் விடுகிறதா என்றும் தெரிந்துவிடும். கீழோரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளி, கைத்தையலில், மேல் வரிசையைத் தளர்வாக. இந்தச் சேலையில் கோர்வை சேர்த்த இரண்டு இடங்களும் ஃபால்ஸின் அடியில் வந்தது வசதி. தேய்மானத்தை இனி அது வாங்கிக்கொள்ளும்.

உடலே போய்விட்டால்

இழைச் சோதனையில் உடல் முழுவதும் ஒடிந்தால் கரையையும் முந்தியையும் மட்டும் புது வெற்றுப் பட்டுக்கு மாற்றலாம். இரண்டு கரைக்குமாகப் பதினொரு மீட்டர் கைத்தையல். சிறிய வேலை இல்லை. கரையோடு ஒன்றரை சென்டிமீட்டர் பழைய உடலையும் விட்டு வெட்ட வேண்டும், அப்போதுதான் கோர்வையும் ரேக்கும் பிழைக்கும். புது உடல் பழையதன் கனத்துக்கு நிகராக இருக்க வேண்டும். லேசான பட்டில் கனக் கரையை வைத்தால் அது தொய்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஒன்பது கஜத்தை ஆறு கஜமாக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெட்டுவது உள்முனையில் இருக்கட்டும், முந்திப் பக்கம் வேண்டாம். மிஞ்சும் சுமார் 2.7 மீட்டரில் ஒரு சிறுமிக்குப் பட்டுப் பாவாடை கரையோடு வரும். ஆனால் வெட்டிய பிறகு மடிசார் கட்ட முடியாது. வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

தெருவில் பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கத்தான் வாங்குகிறார். அவர் சொல்லும் விலை உலோகத்தின் எடைக்கு மட்டும். பிட்னி இணைத்த கைக்கு அந்தத் தராசில் இடமில்லை.

கட்டும்போதும் மடிக்கும்போதும்

முந்தியை அடுக்கி ஊக்குக் குத்தாமல் ஒற்றையாக விட்டால் எடை தோள் முழுவதும் பரவும். ஊக்கு இல்லாமல் முடியாதென்றால் அடித்துணி வைத்த பகுதியில், உள்ளே ஒரு துண்டுப் பருத்தி வைத்துக் குத்துங்கள். வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டுவதற்கு முன்பே போட்டு உலரவிட வேண்டும்.

அவிழ்த்ததும் நிழலில் ஓரிரண்டு மணி நேரம் காற்றாட விட்டு, பழைய மல் துணியில் சுற்றி வைக்கலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவிடும். நாப்தலின் உருண்டை வேண்டாம். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் துணிப் பொட்டலத்தில் போதும், அதுவும் சேலையைத் தொடாமல். கனச் சேலையை ஹேங்கரில் தொங்கவிட்டால் மடிப்புக் கோட்டிலேயே கிழியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பழுது பார்த்த முந்தியை மடிக்காமல், மல் துணி சுற்றிய குழாயில் உருட்டி வைப்பது இன்னும் நல்லது.

முதல் முறை கட்டி அவிழ்த்த பிறகு மூன்று இடங்களை விளக்கில் பாருங்கள்: அடித்துணியின் வெளியோரம், பிட்னியின் உடல் பக்கம், கோர்வைத் தையலின் இரண்டு நுனிகள். தையல் நூல் மட்டும் அறுந்திருந்தால் அந்த இடத்தை மறுபடி தைத்தால் தீர்ந்தது. தையலைச் சுற்றித் துளைகள் நீண்டு தெரிந்தால் நூல் இறுக்கம் அதிகம். பிரித்துவிட்டுத் தளர்வாகப் போட வேண்டும், அடுத்த கல்யாணத்துக்கு எடுப்பதற்கு முன்பே.